கத்திரி வெயிலில் மணிவிழா கேக்: வீட்டில் செய்யும் அலங்காரம் தாங்குமா?

தகடூர்மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் மாமனாருக்கு வைகாசியில் மணிவிழா வருகிறது. பாலக்கோட்டில் மண்டபம் எடுத்திருக்கிறோம். காலையில் ஹோமமும் மாலை மாற்றலும் முடிந்த பிறகு, பேரப்பிள்ளைகளின் ஆசைக்காக மாலை 7 மணிக்கு ஒரு கேக் வெட்டலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அந்தக் கேக்கை நானே தர்மபுரியில் எங்கள் வீட்டில் செய்து, அலங்கரித்து, காரில் கொண்டு போக விரும்புகிறேன். முட்டையும் ஜெலட்டினும் கூடாது. எடை இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மண்டபத்தில் குளிர்சாதன வசதி இல்லை.

கேக் சுடுவதில் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் அலங்காரத்தில்தான். சென்ற ஆண்டு சித்திரையில் மகளின் பிறந்தநாளுக்கு வெண்ணெயும் ஐசிங் சுகரும் அடித்த பட்டர்கிரீமில் ரோஜாக்கள் பிழிந்து வைத்தேன். மெழுகுவர்த்தி ஏற்றுவதற்குள் விளிம்பிலிருந்த ஐந்து ரோஜாக்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் இறங்கி, அட்டையில் மஞ்சள் நிறக் குளமாகத் தேங்கிவிட்டன. மகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் முகத்தை நான் மறக்கவில்லை. இம்முறை அப்படி நடக்கக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

பென்னாகரத்து அடுமனை:
சகோதரி, தவறு உங்கள் கையில் இல்லை, வெண்ணெயின் இயல்பில் இருக்கிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். அதற்கு வெகு முன்பே இளகி, பிழிந்த உருவத்தை இழந்துவிடும். நம் மாவட்டத்தில் கத்திரி நாட்களில் மாலை ஏழு மணிக்கும் மண்டபத்துக்குள் அந்த அளவுக்கு வெப்பம் நிற்கும், கூட்டம் சேர்ந்தால் இன்னும் ஏறும். குளிர்நாட்டுக் காணொளியைப் பார்த்து அதே அளவில் நாம் செய்தால், அந்த ஊர் வெப்பநிலையையும் சேர்த்துக் கொண்டுவர நம்மால் முடியாது அல்லவா?

வீட்டில் எடுத்த வெண்ணெயைப் பயன்படுத்தினீர்களா என்பதையும் சொல்லுங்கள். வீட்டு வெண்ணெயில் மோர்நீர் தங்கியிருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும் வரை பிசைந்து அலசிப் பிழியாவிட்டால், சர்க்கரை அந்த நீரில் கரைந்து கிரீம் திரிந்துவிடும்.

என் பரிந்துரை கனாஷ், அதாவது சாக்லேட்டையும் சூடான கிரீமையும் கலந்து செய்யும் பூச்சு. குளிர்காலத்தில் இரண்டு பங்கு கரும் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் போதும். கத்திரியில் மூன்று பங்கு சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீமுக்கு மேல் போகக் கூடாது. வெளிப்பூச்சுக்கு 750 கிராம் சாக்லேட்டும் 250 கிராம் கிரீமும் எடுத்துக் கொள்ளுங்கள். கடையில் பெட்டியில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் அடித்தால் பொங்காது, ஆனால் கனாஷுக்கு நன்றாகவே பொருந்தும். கிரீமை ஓரம் நுரைக்கும் வரை சூடாக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுப் பிறகு நடுவிலிருந்து கலக்குங்கள். இரவு முழுதும் மூடி வைத்தால் மறுநாள் தடவும் பதத்துக்கு வந்திருக்கும்.

தளிக்குளிர்:
நான் ஓசூருக்கு அருகில் இருக்கிறேன். எங்கள் பக்கம் மேட்டுநிலம் என்பதால் வெயில் சற்றுக் குறைவு. பட்டர்கிரீமே செய்து பழகியவள் நான். இருந்தாலும் அண்ணன் சொல்வதில் ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. பாலில்லாத விப்பிங் கிரீம் எதற்காக இருக்கிறது? பேக்கரிகளில் வெயிலிலும் நிற்பது அதுதானே? முதல் நாள் இரவே உறைநிலையிலிருந்து எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, கிண்ணத்தையும் அடிப்பானையும் குளிரவைத்து அடித்தால், ஒரு லிட்டரில் இரண்டு கிலோ கேக்கை நன்றாக மூடி, மேலே பூவும் பிழியலாம். வெள்ளையாக இருப்பதால் எந்த நிறமும் எடுபடும். பெரியவர்களுக்கு அவ்வளவு கெட்டியான சாக்லேட் பிடிக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

பென்னாகரத்து அடுமனை:
பேக்கரியில் அது நிற்பது கண்ணாடிப் பெட்டியின் குளிரில், சகோதரி. அந்தக் கிரீமின் கொழுப்பு பனைக் கொட்டை எண்ணெயிலிருந்து வருவது. வெண்ணெயைவிடச் சிறிது கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் அடைபட்டிருப்பது காற்று. காற்று வெளியேறத் தொடங்கினால் பூவின் விளிம்பு மழுங்கும், பிறகு அடியில் நீர் விடும். ஒரு மணி நேரத்துக்கு நான் உறுதி சொல்வேன், மூன்று மணி நேரத்துக்குச் சொல்ல மாட்டேன்.

வாங்குவதானால் உறையில் இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பின் அளவைப் பாருங்கள். 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அறுபது வயதுக்காரரின் விழா என்பதால் சொல்கிறேன்.

தகடூர்மகள்:
இருவருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் ஊகித்தது சரிதான். வீட்டு எருமை வெண்ணெய்தான். அலச வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

கனாஷ் மனத்துக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாமியாரிடம் சொன்னபோது, “நல்ல நாளும் அதுவுமாகக் கன்னங்கரேலென்று ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைக்காதே, மஞ்சளாக இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெள்ளைச் சாக்லேட்டில் இதே முறை சரிவருமா? மஞ்சள் நிறத்தை எப்படிச் சேர்ப்பது?

அரூர் வேதியியல் ஆசிரியர்:
நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன். சாக்லேட்டில் தண்ணீர் கலந்த நிறத்தை ஒரு சொட்டு விட்டாலும் அது இறுகி, மணல் மணலாகத் திரண்டுவிடும். சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்களும் கோகோத் துகள்களும்; அந்தத் துகள்களைச் சிறிதளவு நீர் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஆகவே எண்ணெயில் கரையும் நிறம் வேண்டும். அப்படி ஒன்று நம் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். ஒரு தேக்கரண்டி உருக்கிய நெய்யில் இரண்டு சிட்டிகை நல்ல மஞ்சள்தூளைக் குழைத்து, மெல்லிய துணியில் வடித்து, உருகிய வெள்ளைச் சாக்லேட்டில் சேர்த்தால், நாட்டுக்கோழி முட்டைக்கருவின் நிறம் வரும். அளவு மீறினால் பச்சை மஞ்சள் வாடை வரும் என்பதால் கைக்கட்டுப்பாடு தேவை.

கடை நிறம் வாங்குவோருக்கும் ஒரு வேண்டுகோள். சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும் பெயரில்லாத பொடியை எக்காரணம் கொண்டும் உணவில் சேர்க்காதீர்கள். 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தார்களே, அது ரோடமைன் பி என்னும் சாயம் அதில் இருந்ததனால்தான். அது துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களுக்கும் பொதுவாக ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராம் என்ற வரம்பு உண்டு. அடர்சிவப்பும் கருநீலமும் வேண்டுமென்று ஊற்றிக்கொண்டே போகிறவர்கள், அதைத் தின்னப் போவது நான்கு வயதுக் குழந்தை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பென்னாகரத்து அடுமனை:
ஆசிரியர் ஐயாவின் மஞ்சள் யோசனை அருமை. வெள்ளைச் சாக்லேட் இயல்பாகவே இளக்கமானது, எனவே கத்திரியில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு கிரீம் என்று வையுங்கள். கோகோ வெண்ணெய் உள்ள உயர்ந்த சாக்லேட் சுமார் 34 டிகிரியில் உருகும். தாவரக் கொழுப்பு சேர்ந்த காம்பவுண்ட் சாக்லேட் சுவையில் சற்றுப் பின்தங்கினாலும், வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், பளபளப்பாக இறுகுவதற்காக உருக்கி ஆறவைத்துப் பதப்படுத்தும் (டெம்பரிங்) வேலையும் இல்லை. பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள்.

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். வைகாசி மாதம், மஞ்சள் நிறம், நம் மாவட்டங்கள் என்று மூன்றும் ஒன்றுகூடியிருக்கும்போது மாம்பழத்தை யாருமே பேசவில்லையே என்பது எனக்குக் குறைதான். இங்கே சாலையோரமெல்லாம் கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா மாங்காய் வண்டிகள் நிற்கும் காலம் அது. செந்தூராவும் பழுத்திருக்கும். கூழை இறக்கி, சைனா கிராஸ் சேர்த்துக் கண்ணாடி போன்ற மஞ்சள் வட்டமாக உறைய வைத்து, கேக்கின் தலைமேல் பொருத்தினால் வேறு அலங்காரமே தேவைப்படாது.

சைனா கிராஸ் கடற்பாசியிலிருந்து வருவது, எனவே சைவம். மேலும், ஜெலட்டின் நம் ஊர் வெயிலுக்கே இளகிவிடும். சைனா கிராஸ் 35, 40 டிகிரியிலேயே உறைந்துவிடும், மீண்டும் உருக 85 டிகிரி வரை வேண்டும். கத்திரி வெயில் அதை ஒன்றும் செய்ய முடியாது. அரை லிட்டர் கலவைக்கு 5 கிராம் போதும். முதலில் தண்ணீரில் அது முழுதாகக் கரையும் வரை கொதிக்கவிட்டு, பிறகுதான் வெதுவெதுப்பான கூழைச் சேர்க்க வேண்டும். கூழோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் புளிப்பு அதன் பிடிப்பைக் குறைத்துவிடும்.

பென்னாகரத்து அடுமனை:
வெயில் தாங்கும் என்பதை ஏற்கிறேன், தம்பி. ஆனால் சைனா கிராஸ் நேரம் ஆக ஆகத் தன் நீரைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். அடியிலுள்ள கனாஷுக்கும் வட்டத்துக்கும் இடையே அந்த நீர் தேங்கினால், கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வட்டம் வழுக்கிக்கொண்டு போகும். தட்டில் தனியாக உறைய வைத்து எடுத்துப் போய், மண்டபத்தில் கடைசி நேரத்தில் சரித்து வைத்தால் சரி. இல்லையென்றால் மாம்பழம் உள்ளே போகட்டும்: கூழை அல்வாப் பதத்துக்குச் சற்று முன்வரை கிளறி இறக்கி, நடு அடுக்கில் கனாஷால் வரப்புக் கட்டி, அதற்குள் நிரப்புங்கள்.

மாந்தோப்பு:
வரப்புக் கட்டுவது நல்ல யோசனை, அண்ணா. ஒத்துக்கொள்கிறேன்.

மல்லிகைப்பந்தல்:
நிசப்பூக்களால் அலங்கரிப்பது இப்போது பரவலாகிவிட்டதே, அதைச் செய்தால் என்ன? ஓசூர் ரோஜா எவ்வளவு அழகு! எங்கள் தோட்டத்தில் அரளியும் மூன்று நிறங்களில் பூத்துக் கிடக்கிறது. மணிவிழாவுக்குப் பூ இல்லாமல் இருக்கலாமா?

அரூர் வேதியியல் ஆசிரியர்:
அம்மா, தயவுசெய்து அரளியைக் கேக்கின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூ, இலை, தண்டு, பால் என்று அதன் ஒவ்வொரு பகுதியும் இதயத்தின் துடிப்பைத் தாக்கும் நஞ்சு. மாலையாகக் கட்டுவது வேறு, உண்ணும் பொருளில் செருகுவது வேறு. வாசலிலும் சாலை நடுவிலும் அன்றாடம் பார்க்கும் பூ என்பதால் நமக்கு அந்த எண்ணமே வருவதில்லை.

தளிக்குளிர்:
ரோஜாவைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரின் பூ அது. பசுமைக்குடில்களில் வளர்வது வெளிநாட்டு ஏற்றுமதிக்கும் பூச்செண்டுக்கும், உண்பதற்காக வளர்ப்பதில்லை. மொட்டில் ஒரு பூச்சி இருந்தாலும் விலை போகாது என்பதால் மருந்து அடித்தே தீர வேண்டியிருக்கிறது. காம்பைக் கேக்கில் குத்தி, இதழைக் கிரீமில் படியவைத்து, அந்தக் கிரீமையே குழந்தைக்கு ஊட்டுவதைப் பார்க்கும்போது எனக்குப் பதைப்பாக இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் மருந்தில்லாமல் வளர்த்த பன்னீர் ரோஜா இருந்தால் அதன் இதழ்களை மட்டும் கழுவி, ஈரம் போகத் துடைத்துத் தூவலாம்.

தகடூர்மகள்:
பூ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வேறு இரண்டு ஆசைகள் இருக்கின்றன. கேக்கின் விளிம்பைச் சுற்றி மாவிலைத் தோரணம் போல் ஏதாவது அமைய வேண்டும். நடுவில் தமிழில் “மணிவிழா வாழ்த்துகள்” என்று எழுத வேண்டும். பைப்பிங் பையை எடுத்துத் தமிழ் எழுத்தை எழுதத் தொடங்கினால், சுழிகளெல்லாம் ஒட்டிக்கொண்டு சேறாகிவிடுகின்றன. மாவிலையின் பின்புறம் சாக்லேட்டைத் தடவி உரித்தெடுக்கலாம் என்று தோழி சொன்னாள். அது சரியா?

பாலக்கோட்டு அக்கா:
தங்கச்சி, மாவிலை வேண்டாம். மாமரத்தின் பால் சிலருக்குத் தோலில் கொப்புளத்தை உண்டாக்கும். வாயில் படும் பொருளுக்கு அது ஆகாது. வெற்றிலையை எடுத்துக்கொள். உண்ணும் இலை, மங்கல இலை, மணிவிழாவில் தாம்பூலத் தட்டில் எப்படியும் இருக்கப் போகிற இலை. கட்டைவிரல் நீளமுள்ள கொழுந்தாகப் பார்த்து வாங்கி, கழுவி, ஒரு துளி ஈரமும் இல்லாமல் துடைத்துவிடு. இலையின் முன்பக்கம் வழவழப்பாக இருக்கும்; பின்பக்கத்தில்தான் நரம்புகள் எழும்பி நிற்கும். அந்தப் பின்பக்கத்தில் உருகிய காம்பவுண்ட் சாக்லேட்டைச் சிறு தூரிகையால் காம்பிலிருந்து நுனி நோக்கித் தடவு. ஓரம் வழிந்து முன்பக்கம் போனால் உரிக்கும்போது உடையும், ஆகவே விளிம்புக்கு ஒரு நூல் உள்ளேயே நின்றுவிடு. குளிர்பெட்டியில் பத்து நிமிடம் வைத்து, இரண்டாம் பூச்சு கொடு. மறுபடி இறுகியதும் காம்பைப் பிடித்து இலையைப் பின்னோக்கி மடக்கினால், பச்சை இலை தோல்போல் கழன்று வரும்; கையில் நிற்கும் சாக்லேட்டில் நடு நரம்பும் கிளை நரம்புகளும் அச்சுப்போல் பதிந்திருக்கும். வெள்ளைச் சாக்லேட்டில் எண்ணெய் நிறம் இரண்டு சொட்டுப் பச்சை கலந்தால் போதும். இருபத்தைந்து இலை வேண்டுமானால் முப்பத்தைந்து செய்து வை.

இனி எழுத்து. தமிழ் எழுத்தைக் கேக்கின் மேல் நேரடியாக எழுதுவது நீண்ட பழக்கம் உள்ளவர்களுக்கே வரும், அதுவும் மூன்று சுழி ண இருக்கிறதே, அது கையைச் சோதிக்கும். காகிதத்தில் எழுதுவதைப் போல் சிறிதாக எழுதினால் சுழிகளுக்குள் இடைவெளி இருக்காது. எழுத்தின் உயரம் இரண்டு அங்குலம் வேண்டும். சுழிக்குள் ஒரு மிளகு போகும் அளவுக்கு வெற்றிடம் வேண்டும். முதலில் வெள்ளைத் தாளில் அந்த அளவுக்குப் பேனாவால் எழுதிக்கொண்டு, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து நான்கு மூலையிலும் ஒட்டிவிடு. சாக்லேட்டைக் கூம்பில் நிரப்பி, நுனியை ஊசி முனை அளவு வெட்டி, தாளைத் தொடாமல் சற்று உயரத்தில் பிடித்து, நூலைக் கிடத்துவதுபோல் கோட்டின்மேல் கிடத்திக்கொண்டே போ. கை நடுங்கினாலும் தொங்கும் நூல் வளைவைத் தானே சரிசெய்துகொள்ளும். சுழி முடியும் இடத்தில் அழுத்துவதை நிறுத்திவிட்டுப் பிறகு கையைத் தூக்கு. தூக்கிக்கொண்டே அழுத்தினால் வால் விழும். இறுகியதும் தாளை மேசை விளிம்புக்குக் கீழே இழுத்தால் எழுத்து தானாக மேலெழும். கத்தியால் குத்திக் கிளப்பாதே.

கனாஷ் தடவிய கேக்கின்மேல் எழுத்தைப் பதிக்க, ஒவ்வொன்றின் அடியிலும் கடுகளவு கனாஷ் போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். “வாழ்த்துகள்” என்பதை விட்டுவிடு. அதில் ழ், த், ள் என்று மூன்று புள்ளிகள் வருகின்றன. புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பது. பயணத்தில் முதலில் உருள்வது அதுதான். ஒரு புள்ளி போனால் சொல்லே மாறிப் போகும். “மணிவிழா” என்பதில் புள்ளியே கிடையாது. ம, ணி, வி, ழ, ஒரு கால் என ஐந்தே துண்டுகள். பெரிதாக எழுதலாம், தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

மல்லிகைப்பந்தல்:
“வாழ்த்துக்கள்” என்று க் சேர்த்து எழுத வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. அப்படியானால் நான்கு புள்ளிகள்!

பாலக்கோட்டு அக்கா:
“வாழ்த்துகள்” என்று எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வழக்கையும் சேர்த்துத்தான் கேக்குக்கு வெளியே நிறுத்தச் சொல்கிறேன்.

பென்னாகரத்து அடுமனை:
பயணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேக்கை மடியில் வைக்காதீர்கள். இருக்கையிலும் வேண்டாம், அது பின்பக்கம் சாய்ந்திருக்கும். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் காலடித் தளமே சமமானது. அட்டையின் அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் நகராது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைத்து மூடிவிடுங்கள், மண்டபம் போய்ச் சேரும் வரை திறக்காதீர்கள். குளிர்ந்த கேக்கின்மேல் வெளிக்காற்று பட்டால் வேர்த்து, மஞ்சள் பூச்சில் திட்டுத்திட்டாக ஈரம் நிற்கும். வெற்றிலைகளையும் எழுத்துகளையும் தனி டப்பாவில் கொண்டுபோய் அங்கே ஒட்டுங்கள்.

தகடூர்மகள்:
விழா நல்லபடியாக முடிந்தது. இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒரு சிறிய கேக்கில் எல்லாவற்றையும் செய்து பார்த்து, வேண்டுமென்றே மின்விசிறி இல்லாத அறையில் மூன்று மணி நேரம் வைத்தேன். நான்கு பங்கு வெள்ளைச் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்ற அளவு அப்படியே நின்றது. மஞ்சளை முதல்முறை கூடுதலாகப் போட்டுவிட்டேன், வாடை வந்தது. அடுத்த முறை பாதியாகக் குறைத்ததும் சரியாகிவிட்டது.

கேக்கில் கால் பங்கு கேழ்வரகு மாவு சேர்த்திருந்தேன், மாமனாருக்குப் பிடிக்கும் என்று. அது உதிரும் தன்மை உள்ளது. எனவே முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்துத் துகள்களையெல்லாம் அதிலேயே பிடித்து இறுக வைத்து, அதன்மேல் இரண்டாம் பூச்சைக் கொடுத்தேன். இல்லாவிட்டால் மஞ்சளில் கருந்துகள்கள் தெரிந்திருக்கும்.

“ணி” மூன்று முறை உடைந்தது. நான்காவதை இருமடங்கு கனமாகக் கிடத்தினேன், உடையவில்லை. இலைகள் முப்பத்தைந்து செய்ததில் இருபத்தெட்டு முழுதாக வந்தன. ஆறரை மணிக்கு மண்டபத்தின் பின்கட்டில் வைத்து அவற்றை விளிம்பு முழுதும் சாய்த்து ஒட்டியபோது, சமையல்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தார்கள். ஏழே காலுக்குக் கேக் வெட்டினோம். எட்டரை மணிக்கு மிச்சமிருந்த துண்டிலும் இலையின் நரம்பு தெளிவாகத் தெரிந்தது.

மாமனார் எழுத்தின்மேல் கத்தியை வைக்க மறுத்து, ஓரத்திலிருந்துதான் வெட்டினார். மாமியார் ஒரு சாக்லேட் வெற்றிலையை எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் வாங்கி, பின்பக்கத்தைத் தொடையில் துடைப்பதுபோல் ஒருமுறை திருப்பி, காம்பு இருக்கும் நுனியைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் வாயில் போட்டுக்கொண்டார்.